தீம் படை கட்டுவதும் பெயின்ட் அடிப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேசைப் போர் விளையாட்டுக்காகச் சின்னஞ்சிறு வீரர்களை ஒட்டி, பெயின்ட் அடித்து, படையாக நிறுத்துகிறவர்களுக்காக எழுதியது. புதிதாக வருகிறவர்கள் கேட்பவையும் இதில் உண்டு, பல வருடமாகச் செய்கிறவர்கள் கேட்கக் கூச்சப்படுபவையும் உண்டு. பல இடங்களில் என்னுடைய எலும்புக்கூட்டுப் படையையே உதாரணமாகக் காட்டியிருக்கிறேன். கடலில் மூழ்கிப்போன ஒரு கப்பற்படை பல நூறு வருடம் கழித்து அலையோடு எழுந்து வருகிறது என்பது அதன் கதை.

தீம் படை என்றால் என்ன? எல்லாமே படைதானே?

விதிப் புத்தகத்தில் ஒவ்வொரு படைக்கும் ஒரு பட்டியல் இருக்கும். அதில் வலுவானவற்றைப் பொறுக்கி நிறுத்தினாலும் படைதான், ஜெயிக்கவும் செய்யும். தீம் படையில் அந்தப் பட்டியலுக்கு மேல் ஒரு கதை உட்கார்ந்திருக்கும். 'எலும்புக்கூடுகள்' என்பது பட்டியல். 'கடலில் மூழ்கிய எலும்புக்கூடுகள்' என்று ஒரு சொல்லைச் சேர்த்ததும் பாதி முடிவுகள் தானாக வந்துவிடுகின்றன. கவசத்தில் களிம்பு ஏறியிருக்கும், கொடி கிழிந்த பாய்த்துணியாக இருக்கும், காலடியில் ஈரமணல் கிடக்கும், குதிரைப்படை இருக்காது. குதிரைப்படையை விட்டதில் எனக்கு விளையாட்டில் நஷ்டம்தான். ஆனால் அதைச் சேர்த்திருந்தால் கதை அங்கேயே உடைந்திருக்கும். எதையும் விலக்கச் சொல்லாத ஒன்றை நான் தீம் என்று எண்ணுவதில்லை.

தீமுக்கு யோசனை எங்கிருந்து பிடிப்பது?

இடத்திலிருந்து தொடங்குவது எளிது. பனிமலை, சதுப்பு நிலம், எரிந்த நகரம், சுரங்கம் என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு, 'இங்கே பல மாதம் கிடந்த வீரன் எப்படி இருப்பான்?' என்று கேளுங்கள். என்ன உடுத்தியிருப்பான், எது துருப்பிடித்திருக்கும், எதை வழியில் தூக்கி எறிந்திருப்பான் என்பதெல்லாம் அந்தக் கேள்விக்குள்ளேயே கிடக்கும். கதையைப் பத்துப் பக்கம் எழுத வேண்டாம், இரண்டு வரி போதும். மேசைக்கு எதிரே நிற்பவர் அந்த இரண்டு வரியைக் கேட்காமலே ஊகித்துவிட்டால் உங்கள் வேலை சரியாக நடக்கிறது.

எந்த அளவு மினியேச்சர் எடுக்கலாம்?

28 மி.மீ. தான் பரவலானது. பாதத்திலிருந்து கண் வரை அளப்பது பழைய வழக்கம். ஆனால் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் கொஞ்சம் கூடும், குறையும். 'ஹீரோயிக்' என்று சொல்லப்படும் வகையில் தலை, கை, ஆயுதம் மூன்றும் உடலுக்குச் சற்றுப் பெரிதாக இருக்கும். தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரியவேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது, பெயின்ட் அடிக்கவும் வசதி. நூற்றுக்கணக்கான வீரர் அணிவகுக்கும் பெரும்போர்தான் உங்கள் கனவு என்றால் 15 அல்லது 6 மி.மீ. பக்கம் போங்கள். 6 மி.மீ. வீரனுக்கு முகமே கிடையாது, ஒரு புள்ளி போதும். அங்கே ஒரு படைப்பிரிவு மொத்தமும்தான் ஓவியம்.

ஒரு படைக்குள் இரண்டு நிறுவனத்து மினிகளைக் கலப்பதாக இருந்தால் முதலில் ஒன்றொன்று வாங்கி அருகருகே நிறுத்திப் பாருங்கள். உயரம் சற்று வேறுபட்டால் கண் மன்னிக்கும், தலையின் பருமன் வேறுபட்டால் மன்னிக்காது.

எத்தனை வாங்கி வைக்கலாம்?

பத்து. அந்தப் பத்தும் முடிந்தபிறகு அடுத்த பத்து.

எந்தப் பொருளுக்கு எந்தப் பசை?

கெட்டி பிளாஸ்டிக் என்பது பாலிஸ்டைரீன். அதற்குப் பிளாஸ்டிக் சிமென்ட். இது இரண்டு பக்கத்தையும் லேசாக உருக்கி ஒன்றாக்கிவிடுவதால் காய்ந்தபின் மூட்டு என்று ஒன்றே இருக்காது. அதே பசை ரெசினிலும் (அச்சில் ஊற்றிக் கெட்டியாக்கும் பிசின்) உலோகத்திலும் வேலை செய்யாது, உருக்க அங்கே பாலிஸ்டைரீன் இல்லை. அவற்றுக்குச் சூப்பர் குளூ. சூப்பர் குளூ இழுப்பதைத் தாங்கும், பக்கவாட்டில் தட்டினால் பட்டென்று விட்டுவிடும். அதனால் கனமான உலோகச் சிறகு, நீண்ட கை போன்றவற்றில் இரு பக்கமும் கைத்துரப்பணத்தால் துளையிட்டு, 1 மி.மீ. கம்பி ஒன்றைச் செருகி ஒட்டுவார்கள்.

ரெசின் பாகங்களை ஒட்டுவதற்கு முன் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள், அச்சிலிருந்து எடுக்கப் பூசிய எண்ணெய்ப்பசை மேலே இருக்கும். வளைந்துபோன ரெசின் வாளைச் சூடான தண்ணீரில் முக்கி நிமிர்த்தி, உடனே குளிர்ந்த தண்ணீரில் வைத்தால் நிற்கும். ரெசினைத் தேய்க்கும்போது தூள் மூச்சில் போகக்கூடாது. ஈரத்தோடு தேய்ப்பதும் முகக்கவசம் போடுவதும் நல்லது.

அப்புறம், அச்சுக்கோடு. அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் உடலைச் சுற்றி ஓடும் மெல்லிய வரம்பு அது. இப்போது கண்ணுக்கே தெரியாது. பிரைமர் என்ற அடிப்பூச்சு அடித்து, பள்ளங்களில் ஓடி நிழலாகும் நீர்த்த பெயின்டான வாஷும் ஊற்றியபிறகு நெற்றியில் தழும்பு மாதிரி எழுந்து நிற்கும். கத்தியின் முதுகால் சுரண்டினால் ஒரு நிமிட வேலை.

வேறு வேறு பெட்டிகளின் பாகங்களைக் கலந்து மாற்றியமைக்கலாமா?

கலக்காமல் தீம் படை வருவது அபூர்வம். ஒரு பெட்டியின் தலையை இன்னொன்றின் உடலில் வைப்பதுதான் குறைந்த உழைப்பில் அதிக மாற்றம் தரும். பத்துப் பேருக்கும் செய்ய வேண்டாம், மூன்று பேருக்குச் செய்தால் பத்துப் பேரும் மாறியதுபோலத் தோன்றும்.

என் படையில் செய்ததைச் சொல்கிறேன். இரண்டு பாகமாக வரும் எபாக்சி மாவைப் பிசைந்து கடுகளவு உருண்டைகளாகத் தோள்பட்டையில் ஒட்டி, நடுவில் ஊசியால் ஒரு குத்து. கப்பலின் அடியில் ஒட்டிக்கிடக்கும் கொட்டலசு தயார். தையல் நூலை வெள்ளைப் பசையில் நனைத்து விலாவெலும்பில் தொங்கவிட்டால் கடற்பாசி. கொடிக்கு மெல்லிய காகிதத்தைப் பசைநீரில் ஊறவைத்து, ஈரத்திலேயே மடிப்பு விழவிட்டுக் காயவைத்தேன். எபாக்சி மாவைத் தொடும்போது விரலை ஈரமாக வைத்திருக்காவிட்டால் கொட்டலசு விரலிலேயே வளரும்.

இரண்டை மட்டும் மாற்றாதீர்கள். பேஸின், அதாவது வீரன் நிற்கும் சிறு தட்டின், அளவு விதியோடு சம்பந்தப்பட்டது. ஆயுதம் எதிராளிக்குத் தெளிவாகத் தெரியவேண்டும், கையில் ஈட்டி இருந்தால் விளையாட்டிலும் ஈட்டிதான் என்பது பெரும்பாலான போட்டிகளின் எதிர்பார்ப்பு. ஆயுதத்தை மாற்றிக்கொள்ளும் வசதி வேண்டுமென்றால் மணிக்கட்டில் சிறு நியோடிமியம் காந்தம் பதிக்கலாம். துருவத்தை மையால் குறித்துவிட்டு ஒட்டுங்கள். நான் குறிக்காமல் ஒட்டிய ஒரு தளபதியின் கை இன்றுவரை வாளை எட்டித் தள்ளுகிறது.

நிறங்களை எப்படித் தேர்ந்தெடுப்பது?

ஒரு முதன்மை நிறம், அதற்குத் துணையாக ஒன்று, மிகக் குறைவாக ஒன்று. மூன்றாவதுதான் பொறி. என் படையில் எலும்பின் மங்கிய வெள்ளை முதன்மை, களிம்பின் நீலப்பச்சை துணை, துருவின் ஆரஞ்சு பொறி. நீலப்பச்சைக்கு வண்ணச் சக்கரத்தில் கிட்டத்தட்ட எதிரே ஆரஞ்சு நிற்கிறது. அதனால் ஒரு சொட்டுத் துரு இருந்தாலும் கண் அங்கே போகும். இதைத் திட்டமிட்டுச் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் துரு நிறம் மட்டும்தான் அன்று கையில் மிச்சமிருந்தது.

நிறத்தைவிட வெளிச்ச வேறுபாடு முக்கியம். மினியைக் கைபேசியில் படமெடுத்து கறுப்பு வெள்ளைக்கு மாற்றிப் பாருங்கள். முகமும் உடையும் கவசமும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால், எவ்வளவு அழகான நிறமாக இருந்தாலும் மேசையில் அது ஒரு கறைதான். நாம் பெயின்ட் அடிப்பது முகத்தருகே வைத்து. விளையாடும்போது பார்ப்பது ஒரு கை தூரத்துக்கும் அப்பால் நின்று. அதனால் நிழலை இன்னும் இருட்டாக, மேட்டை இன்னும் வெளுப்பாக, கொஞ்சம் அசிங்கமாகத் தோன்றும் அளவுக்குக் கொண்டுபோகவேண்டும். கையை நீட்டிப் பார்த்தால் சரியாகிவிடும்.

மஞ்சளும் வெள்ளையும் கறுப்பின்மேல் ஏறாது. வெள்ளைக்கு இளஞ்சாம்பலில் தொடங்குங்கள். மஞ்சளுக்கு அடியில் இளஞ்சிவப்போ காவியோ கொடுத்தால் இரண்டு பூச்சில் முடியும். நாற்பது பேருக்கு வெள்ளை உடை என்று முடிவெடுப்பதற்கு முன் ஒருவனுக்கு அடித்துப் பாருங்கள். அப்புறம் முடிவெடுங்கள்.

பிரைமர் கட்டாயமா?

கட்டாயம். அக்ரிலிக் பெயின்ட் வெறும் பிளாஸ்டிக்கில் பிடிக்காது, விரல் பட்ட இடத்தில் உரியும். ஸ்பிரே டப்பாவை இரண்டு நிமிடம் குலுக்கி, 20 முதல் 30 செ.மீ. தூரத்திலிருந்து சிறு சிறு வீச்சாக அடியுங்கள். ஈரக்காற்று உள்ள நாளில் அடிக்காதீர்கள், பொடிப்பொடியாகப் படிந்து மணல்காகிதம் மாதிரி ஆகிவிடும். நான் ஒருமுறை பொறுமையில்லாமல் மழை ஓய்ந்த கையோடு அடித்தேன். பதினாறு எலும்புக்கூடுகளும் மாவில் புரட்டியெடுத்தது போல வந்தன.

முழுக்கக் கறுப்பு அடித்துவிட்டு, மேலிருந்து மட்டும் வெள்ளையை வீசும் முறை ஒன்று உண்டு. சூரியன் உச்சியில் நிற்பதுபோல வெளிச்சமும் நிழலும் முதலிலேயே விழுந்துவிடும். மேலே மெல்லிய நிறங்கள் போடுகிறவர்களுக்கு இது பாதி வேலையை முடித்துக் கொடுக்கும்.

நாற்பது மினிகளை முடிப்பதற்குள் ஆயுசே போய்விடும்போல இருக்கிறதே?

நாற்பதையும் ஒரே நேரத்தில் மேசையில் பரப்பினால் அப்படித்தான். முதலில் ஒரே ஒரு சோதனை மினியை முழுதாக முடியுங்கள். எந்த நிறம், எந்த வரிசை, எத்தனை பூச்சு என்று ஒரு அட்டையில் எழுதுங்கள். நினைவிருக்கும் என்று நினைக்காதீர்கள். ஆறு மாதம் கழித்து அடுத்த பத்தை எடுக்கும்போது அந்தப் பச்சை எந்தப் பச்சை என்று தெரியாமல் முழிப்பீர்கள்.

அப்புறம் எட்டோ பத்தோ பேராக, புட்டி மூடியில் ஒட்டுமாவால் நிறுத்தி, ஒவ்வொரு படியையும் எல்லோருக்கும் செய்துவிட்டு அடுத்த படிக்குப் போங்கள். பத்தாவது ஆளுக்கு எலும்பு நிறம் போட்டு முடிக்கும்போது முதல் ஆள் காய்ந்திருப்பான். உள்ளே இருப்பதை முதலில், வெளியே இருப்பதைக் கடைசியில்: தோல், உடை, வார், கவசம். அப்போதுதான் சிந்தியதை அடுத்த பூச்சு மூடும்.

எலும்புக்கு என் வரிசை இது. மங்கிய வெள்ளைப் பிரைமர். மேலே தண்ணீர்போன்ற பழுப்பு வாஷ், அது பள்ளங்களில் ஓடி நிழலாகும். நன்றாகக் காய்ந்தபின் டிரை பிரஷ்: பிரஷில் பெயின்டைத் தொட்டு, காகிதத்தில் கிட்டத்தட்ட முழுதும் துடைத்துவிட்டு, மேடுகளில் மட்டும் வீசுவது. பித்தளைக் கவசத்தின் இடுக்குகளில் நீலப்பச்சையை நன்றாக நீர்க்கவைத்து விட்டால் களிம்பு. இதற்குமேல் படைவீரனுக்கு வேண்டாம். மிச்ச நேரத்தைத் தளபதிக்கும் கொடிக்காரனுக்கும் கொடுங்கள், பார்க்கிறவர் கண் அவர்கள்மேல்தான் நிற்கும்.

ஒரே பூச்சில் நிழலும் நிறமும் தரும் பெயின்டுகள் ஏமாற்று வேலையா?

2019இல் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் கான்ட்ராஸ்ட் என்ற வரிசையை வெளியிட்டபோது இந்தச் சண்டை பலமாக நடந்தது. இப்போது பல நிறுவனங்கள் இந்த வகையை விற்கின்றன. ரோமம், துணி மடிப்பு, எலும்பு போன்றவற்றில் அருமை. தட்டையான பெரிய கவசத்தில் குளம்போலத் தேங்கித் திட்டு விழும். அவ்வளவுதான் விஷயம், இதில் நியாயம் அநியாயம் ஒன்றுமில்லை.

பிரஷ் எவ்வளவு சின்னதாக இருக்கவேண்டும்?

நினைப்பதைவிடப் பெரிதாக. மிகச் சின்ன பிரஷில் பெயின்ட் தங்காது, மினியைத் தொடும் முன்னே நுனியில் காய்ந்துவிடும். 1ஆம் எண் பிரஷ், நுனி கூராகச் சேருவதாக இருந்தால், முக்கால்வாசி வேலையை முடிக்கும். கோலின்ஸ்கி என்னும் சிறு விலங்கின் ரோமத்தால் ஆன பிரஷ் நீடித்து உழைக்கும், ஆனால் அதால் டிரை பிரஷ் செய்வது பாவம். அதற்குத் தேய்ந்துபோனதை வைத்துக்கொள்ளுங்கள். ரோமம் உலோகக் கழுத்துக்குள் நுழையும் இடம்வரை பெயின்ட் ஏறவிடக்கூடாது. அங்கே காய்ந்தால் நுனி விரிந்துவிடும், பிறகு எந்தச் சோப்பும் சேர்த்துவைக்காது. பிரஷை நாக்கில் வைத்துக் கூராக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

பெயின்டை நேராகப் புட்டியிலிருந்து எடுக்காமல் தட்டில் விட்டுத் தண்ணீர் கலந்து பால் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். ஈரமான பஞ்சின்மேல், கேக் சுடும்போது விரிக்கும் பேக்கிங் காகிதம் விரித்த ஈரத்தட்டு வைத்துக்கொண்டால் கலந்த நிறம் மணிக்கணக்கில் காயாது. உலோக நிறங்களுக்குத் தனித் தண்ணீர்க் கிண்ணம். அந்த மினுக்குத் தூள் ஒருமுறை கலந்தால் உங்கள் எலும்புக்கூடுகள் கல்யாணத்துக்குக் கிளம்பியது மாதிரி மின்னும்.

கண் வரையத்தான் வேண்டுமா?

28 மி.மீ. படைவீரனுக்கு வேண்டாம். குழியில் ஒரு இருண்ட வாஷ் போதும். கோணலாக வந்த கண்ணைவிட வராத கண் மேல். என் படையில் யாருக்கும் கண்ணே இல்லை என்பதும் அந்தக் கதையை எடுத்ததற்கு ஒரு காரணம்.

வரலாற்றுப் படை கட்டுகிறேன். சீருடை எவ்வளவு துல்லியமாக இருக்கவேண்டும்?

நெப்போலியன் காலப் படைகள்தான் இந்தக் கேள்வியின் தாயகம். பிரெஞ்சுக் காலாட்படைக்குக் கருநீலம், பிரிட்டிஷாருக்குச் சிவப்பு, ஆஸ்திரியருக்கு வெள்ளை, பிரிட்டனின் 95ஆம் ரைபிள் படைக்குக் கரும்பச்சை என்பது வரை எல்லோருக்கும் தெரியும். பிரிட்டிஷ், ஆஸ்திரியப் படைகளில் காலர், மணிக்கட்டுப் பட்டையின் நிறம் ரெஜிமென்டுக்கு ரெஜிமென்ட் மாறும், அதைப் பார்த்துச் சரியாகப் போடுங்கள், ஏனென்றால் ரெஜிமென்டை அடையாளம் காட்டுவதே அதுதான். பொத்தானின் வடிவத்துக்காக ஒரு மாதம் செலவழிக்காதீர்கள்.

இங்கேயும் தீம் உண்டு. அணிவகுப்பு உடையில் பளிச்சென்று நிற்கும் படை ஒன்று. வாட்டர்லூவுக்கு, 1815 ஜூனில், இரவெல்லாம் மழையில் கிடந்துவிட்டு வந்த படை வேறொன்று. இரண்டாவதற்குச் சேறு முழங்கால்வரை, தொப்பிக்கு எண்ணெய்த்துணி உறை, மேலே நீண்ட கோட்டு, ஒட்டுப்போட்ட கால்சட்டை. ஒரே நிறத்துக் கோட்டுகூடப் பலமுறை நனைந்து வெளுத்ததால் ஆளுக்கு ஆள் சற்று மாறும். சின்ன அளவில் உண்மையான கருநீலம் கறுப்பாகவே தெரியும் என்பதால் ஒரு படி வெளுப்பான நீலத்தில் தொடங்குவது வழக்கம்.

பேஸ் அவ்வளவு முக்கியமா?

எனக்கு நேரம் ஒரு மணிதான் இருக்கிறது, மினிக்குக் கொடுப்பதா பேஸுக்குக் கொடுப்பதா என்று கேட்டால் பேஸுக்கு என்பேன். நாற்பது பேரின் பெயின்ட் சுமாராக இருந்தாலும் நாற்பது பேரும் ஒரே மண்ணில் நின்றால் அது படையாகத் தெரியும்.

வெள்ளைப் பசை பூசி மணல், நடுவே ஒன்றிரண்டு கல், காய்ந்தபின் நிறம், வாஷ், டிரை பிரஷ். அடிப்படை அவ்வளவுதான். மணல் ஒரே பருமனில் இருந்தால் செயற்கையாக இருக்கும், இரண்டு மூன்று பருமன் கலக்கவேண்டும். புல்கொத்தை நடுவில் வைக்காமல் ஓரமாக வையுங்கள். ஈரமணலுக்கு, மணல் நிறத்தை ஒரு பக்கம் இருட்டாக்கி, அந்தப் பக்கத்தில் மட்டும் பளபள வார்னிஷ் இரண்டு பூச்சு கொடுத்தேன். அலை இப்போதுதான் வடிந்தமாதிரி ஆகிவிட்டது. எல்லா மினியிலும் ஈரப்பக்கம் பின்னால், காய்ந்த பக்கம் முன்னால். படை மொத்தமும் கடலைவிட்டு ஏறி வருவது அதில்தான் தெரிகிறது. இதைத் தற்செயலாகச் செய்யவில்லை, சொல்லிவிடுகிறேன்.

பேஸின் விளிம்பு படை முழுக்க ஒரே நிறமாக இருக்கட்டும். சுத்தமாக, சிந்தல் இல்லாமல்.

3டி அச்சில் எடுத்த மினிகளை வைத்துப் படை கட்டலாமா?

தாராளமாக. நுணுக்கமான மினிக்கு ரெசின் அச்சுப்பொறி, கட்டடம் போன்ற பெரியவற்றுக்கு இழை அச்சுப்பொறி. கெட்டியாகாத ரெசின் தோலில் படக்கூடாது. கையுறை, காற்றோட்டம் இரண்டும் அவசியம். அச்செடுத்ததை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கழுவி, புற ஊதா ஒளியில் முழுதாகக் கெட்டிப்படுத்தியபிறகுதான் வெறுங்கையால் தொடலாம். சாதாரண ரெசினில் ஈட்டிகள் சட்டென்று ஒடியும், வளையும் தன்மையுள்ள ரெசினைக் கொஞ்சம் கலப்பது உதவும். போட்டிக்குக் கொண்டுபோவதாக இருந்தால் அங்கே அனுமதி உண்டா என்று முன்பே கேளுங்கள்.

வார்னிஷ் அடித்தால் மினி வெளிறிவிடுமா?

ஈரக்காற்றில் ஸ்பிரே செய்தால் பனிபடர்ந்தது போல வெண்மை படியும். அப்படி ஆகிவிட்டால் பதறி உரிக்கவேண்டாம், பளபள வார்னிஷை பிரஷால் மெல்லிதாகப் பூசிப் பாருங்கள், பெரும்பாலும் தெளிந்துவிடும். அது காய்ந்தபின் பளபளப்பில்லாத மேட் வார்னிஷ். அடிக்கடி கையில் எடுத்து விளையாடும் படைக்கு வார்னிஷ் இல்லாமல் முடியாது. முதலில் உரிவது எப்போதும் ஈட்டிமுனையும் முழங்காலும்தான்.

பழைய படையின் பெயின்டை உரித்து மறுபடி அடிக்க முடியுமா?

முடியும். பிளாஸ்டிக்கை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் சில மணிநேரம் ஊறவிட்டுப் பழைய பல்துலக்கியால் தேய்த்தால் வந்துவிடும். ரெசினில் ஒரு மூலையில் சோதித்துவிட்டுச் செய்யுங்கள், சிலவகை ரெசின் ஆல்கஹாலில் இளகும். அசிட்டோன் உலோகத்துக்கு மட்டும். பிளாஸ்டிக்கை அதில் போட்டால் படை மறுபடி கடலில் மூழ்கும், இந்தமுறை திரும்பி வராது. மிகப் பழைய உலோக மினிகளில் ஈயம் இருக்கலாம், தேய்த்து முடித்ததும் கையைக் கழுவுங்கள். இடுக்குகளில் கொஞ்சம் பழைய பெயின்ட் தங்கினால் விட்டுவிடுங்கள், பிரைமரும் வாஷும் அதை விழுங்கிவிடும்.